ஒரு போட்டோவுக்கு 300 கம்ப்யூட்டர்!

கோவில்பதாகை ஏரிக்கரையில் நின்று செல்போனில் ஒரு போட்டோ எடுக்கிறீர்கள். அளவு சுமார் 3 எம்.பி. சரியாக வரவில்லையா? அழித்துவிட்டு இன்னொன்று. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய முதல் முழு அளவு டிஜிட்டல் கம்ப்யூட்டரில் அந்த ஒற்றைப் படத்தை வைக்க முடியாது. அதுபோல 300 கம்ப்யூட்டர்களின் நினைவகம் வேண்டும்!

அதன் பெயர் டிஃப்ராக். பிறந்த இடம், மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். கட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம் சென்னைக்காரர், ஆர்.நரசிம்மன். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு, அமெரிக்காவில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்று, 1954-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். வயது 28. கம்ப்யூட்டர் கட்டிய அனுபவம் குழுவில் ஒருவருக்கும் கிடையாது.

அதே காலத்தில் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இங்கிலாந்திலிருந்து ஒரு கம்ப்யூட்டரை வரவழைத்தது. வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால், கட்டிப் பார்த்தால்தானே உள்ளே நடப்பது புரியும்? மும்பை இளைஞர்கள் முதலில் சிறிய மாதிரி ஒன்றைச் செய்து பார்த்தார்கள். 1956-ல் அது ஓடியது. அடுத்த வருடமே பெரியதில் இறங்கிவிட்டார்கள்.

தாத்தா வீட்டு வால்வு ரேடியோ நினைவிருக்கிறதா? அதில் நாலைந்து வால்வுகள் இருக்கும். டிஃப்ராக்கில் சுமார் 2,700! கூடவே 1,700 டயோடுகள், 12,500 ரெசிஸ்டர்கள். கம்ப்யூட்டரில் வால்வுக்கு இருந்த வேலை சுவிட்சின் வேலைதான். ஆன் என்றால் 1, ஆஃப் என்றால் 0.

இந்த இரண்டை வைத்துக்கொண்டு எப்படிக் கணக்குப் போடுவது? கையை நீட்டுங்கள். கட்டைவிரலுக்கு 1, ஆள்காட்டி விரலுக்கு 2, நடுவிரலுக்கு 4, மோதிர விரலுக்கு 8, சுண்டுவிரலுக்கு 16. கட்டைவிரலையும் நடுவிரலையும் மட்டும் நீட்டினால் 5. ஒரு கையிலேயே 31 வரை எண்ணலாம். இப்படியே இரட்டித்துக்கொண்டு போனால் இரண்டு கையிலும் சேர்த்து 1,023! (குழந்தைகளிடம் சொல்லிப் பாருங்கள், ராத்திரி சாப்பாடு தாமதமாகும்.) இன்றைய செல்போனும் அடிப்படையில் இதே கணக்கைத்தான் போடுகிறது.

போட்ட கணக்கை ஞாபகம் வைக்க, பொடிப்பொடியான காந்த வளையங்களை மணி கோப்பதுபோல் கம்பிகளில் கோத்தார்கள். ஒரு பக்கம் காந்தமேற்றினால் 1, எதிர்ப்பக்கம் ஏற்றினால் 0. மொத்தம் 2,048 சொற்கள், சொல்லுக்கு 40 இலக்கங்கள். இன்றைய கணக்கில் 10 கே.பி.தான்.

1960 பிப்ரவரியில் இயந்திரம் முறைப்படி இயங்கத் தொடங்கியது. ஆனால், அதற்குள் வெளிநாடுகளில் டிரான்சிஸ்டர் வந்து, வால்வு பழசாகிவிட்டது. பல வருட உழைப்பு, பிறக்கும்போதே கிழமாகிவிட்டது என்று சொல்லலாம். ஆனாலும் விஞ்ஞானிகள் தங்கள் கணக்குகளை அதில் போட்டுத்தான் கம்ப்யூட்டர் பழகினார்கள்.

1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்தாரே நேரு, அவர்தான் 1962-ல் அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். இரண்டே வருடத்தில், அதே நிறுவனத்துக்கு அமெரிக்காவின் சிடிசி 3600 வந்து இறங்கியது. இந்தியக் கம்ப்யூட்டர் சங்கத்தின் முதல் தலைவரான நரசிம்மனுக்கு 1977-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.