கட்டிலுக்கடியில் ஒரு ஜோடி சக்கரம்

மயிலாப்பூரில் எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடி சைக்கிள் சக்கரம் ஒரு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. புத்தம் புதுசு, ஒரு கிலோமீட்டர் கூட ஓடாதது. மூன்றாம் வருஷ இன்டர்ன்ஷிப்பில் வந்த முதல் ஸ்டைபெண்டில் வாங்கினேன். ஆஃபர் போட்டிருந்தார்கள், '29 இன்ச்' என்று எழுதியிருந்தது, நான் வாங்க நினைத்த கார்பன் ஃப்ரேமும் 29 இன்ச். வேற என்ன வேணும்?

வேற நிறைய வேணும். ஃப்ரேம் கைக்கு வந்தபிறகு ஸ்கேல் வைத்துப் பார்த்தால், சக்கரத்தின் பின் ஹப் அகலம் 135 மி.மீ., ஃப்ரேமின் பின் இடைவெளி 148 மி.மீ. அலுமினியமாக இருந்தாலும் இழுத்து அமுக்கக் கூடாது, கார்பனில் நினைக்கவே கூடாது. 13 மி.மீ. வித்தியாசத்தில் எட்டாயிரம் ரூபாய் போச்சு. அந்தச் சக்கரங்களைப் பார்த்துப் பார்த்து நான் கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு நேர்மையான கேள்வி. மலையே இல்லாத சென்னையில் மவுன்டன் பைக் எதுக்கு? ஏலகிரி ஏற ஜோலார்பேட்டை வரைக்கும் ரயில் பிடிக்கணும். ஆனா லஸ் பக்கமும் பனகல் பார்க் பக்கமும் மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டில் மழை விட்ட மறுநாள் ஓட்டிப் பாருங்க, கேள்வியே வராது. நம்ம தேவைக்கு ஹார்ட்டெய்ல் போதும். அதாவது முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன், 100 மி.மீ. டிராவல். பின்னாடியும் சஸ்பென்ஷன் வைத்த கார்பன் ஃப்ரேம் பட்ஜெட் பேச்சிலேயே வராது.

கார்பன் ஏன் என்று கேட்டால் எல்லாரும் எடை என்பார்கள். பட்ஜெட் கார்பன் ஹார்ட்டெய்ல் ஃப்ரேம் சுமார் 1.2, 1.3 கிலோ, நல்ல அலுமினியம் ஃப்ரேம் 1.7 பக்கம். வித்தியாசம் ஒரு அரை லிட்டர் தண்ணி பாட்டில். அவ்ளோதான். விளம்பரத்தில் 'டி700 கார்பன்' என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். டோரே கம்பெனியின் டி700எஸ் இழையின் இழுவலிமை 4,900 மெகாபாஸ்கல், அது உண்மைதான். ஆனா அது தனி இழையின் நம்பர், அதுவும் இழை போகும் திசையில் மட்டும். குறுக்கே அடி விழுந்தால் தாங்குவது நடுவில் இருக்கும் ரெசின். ஷீட்டை எந்தக் கோணத்தில் எத்தனை அடுக்கு வைத்தார்கள், உள்ளே காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டதா என்பதுதான் ஃப்ரேமின் தரம். அதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. அதனால் விற்பவரிடம் 'டி700-ஆ டி800-ஆ' என்று கேட்காமல், 'ஐ.எஸ்.ஓ. 4210 டெஸ்ட் பண்ணியிருக்கா' என்று கேளுங்க. சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலை அது. பெடல் மிதிக்கும் விசையை ஃப்ரேம் மேல் லட்சம் முறை திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்க்கும் சோதனை அதில் உண்டு.

நான் புது ஃப்ரேம் வாங்கவில்லை. வெளிநாட்டு சைட்டில் தெரியும் விலை பாதிக் கதைதான். கஸ்டம்ஸ், ஜி.எஸ்.டி., கூரியர்க்காரர் போடும் கட்டணம் எல்லாம் சேர்த்தால் என் ஷீட்டில் சிவப்புக் கலர் வந்துவிட்டது. அடையாறில் ஒரு அண்ணா மேல்படிப்புக்கு வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்தார், அவரிடம் செகண்ட் ஹேண்டில் 28 ஆயிரத்துக்குக் கிடைத்தது. பழைய கார்பன் வாங்கும்போது வெயிலில் வெச்சுப் பார்க்கணும். பெயின்ட் கீறலுக்கும் விரிசலுக்கும் வித்தியாசம் நகத்தில் தெரியும். ஹெட் ட்யூபும் டவுன் ட்யூபும் சேரும் இடம், செயின் உரசும் இடம், சீட் போஸ்ட் கிளாம்ப், இந்த மூன்றையும் விடாதீங்க. ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் 'டிக்' என்று கேட்கும், உள்ளே அடுக்கு பிரிந்த இடத்தில் 'டொப்' என்று அமுங்கும். இது லேப் டெஸ்ட் கிடையாது, ஆனா பணம் கொடுப்பதற்கு முன்னாடி நம்மால் செய்ய முடிந்த டெஸ்ட் இதுதான். அந்த அண்ணா சிரித்துக்கொண்டே, "தம்பி, பொண்ணு பாக்க வந்தவங்க கூட இவ்ளோ பாக்கமாட்டாங்க" என்றார்.

இப்போ முக்கியமான விஷயம். மீதி எல்லா பார்ட்டையும் ஃப்ரேம்தான் முடிவு பண்ணும். பின் இடைவெளி, ஆக்ஸில் தடிமன், ஹெட்செட் அளவு, சீட் போஸ்ட் விட்டம், பாட்டம் பிராக்கெட் வகை. இதையெல்லாம் ஃப்ரேமிலிருந்து எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் கடைக்குப் போங்க. நான் தலைகீழாகச் செய்தேன்.

இதில் பாட்டம் பிராக்கெட் பற்றிக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இது நம்ம ஊர்க் கதையும் கூட. கிராங்க் சுற்றும் பேரிங் உட்காரும் இடம் அது. பல கார்பன் ஃப்ரேம்களில் அதை மரையே இல்லாமல் அழுத்திச் செருகுவார்கள். பிரஸ் ஃபிட் என்று பெயர். ஃப்ரேமின் ஓட்டை துல்லியமாக இல்லாவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் 'கிரீச் கிரீச்'. கழற்றவும் தனி டூல். இன்னொரு வகை மரை வைத்தது, அதன் பெயர் பி.எஸ்.ஏ. ஆமாம், சின்ன வயசில் நாம் ஓட்டிய பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆரில் இருந்த அதே பி.எஸ்.ஏ. இங்கிலாந்தில் துப்பாக்கி செய்த பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற கம்பெனியின் சுருக்கம். அந்தப் பெயரில் இங்கே சைக்கிள் விற்றது 1949-ல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ். 1.37 இன்ச் விட்டம், இன்ச்சுக்கு 24 மரை என்ற அந்தப் பழைய அளவு இன்றைய கார்பன் ஃப்ரேமிலும் அலுமினிய வளையமாக ஒட்டப்பட்டு வருகிறது. வலது பக்கம் மட்டும் உல்டா மரை. மெக்கானிக்கல் மக்களுக்கு: அது பிரிசெஷன் காரணமாக, சாதா மரை போட்டால் மிதிக்க மிதிக்கத் தானே கழன்றுவிடும். இரண்டில் ஒன்று தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பி.எஸ்.ஏ. எடுங்க.

கியருக்கு ஷிமானோ டியோர் 11-ஸ்பீட் போட்டேன். 12-ஸ்பீட் ஆசைதான். ஆனா அதன் கேசட்டில் சின்னப் பல்சக்கரம் 10 பல், அது பழைய வகை ஹப்பில் உட்காராது. மைக்ரோ ஸ்ப்லைன் என்ற தனி ஹப் வேணும். 11-ஸ்பீடின் 11-51 கேசட் எல்லாக் கடையிலும் இருக்கும் சாதா ஹப்பிலேயே ஏறும். முன்னாடி 32 பல், பின்னாடி 51 போட்டால் ஒரு மிதிக்கு சுமார் 1.4 மீட்டர் நகரும், ஏலகிரி ஏற அது போதும். பின்னாடி 11 போட்டு நிமிஷத்துக்கு 90 சுற்று மிதித்தால் 36 கி.மீ. வேகம், ஈ.சி.ஆருக்கு அது போதும்.

பிரேக் ஹைட்ராலிக்தான். மினரல் ஆயில் வகையா, டாட் திரவ வகையா என்று பாருங்க. டாட் 4 எந்த டூவீலர் கடையிலும் கிடைக்கும் என்பது உண்மை. ஆனா அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், நம்ம ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? ஷிமானோவின் மினரல் ஆயிலுக்கு அந்தப் பிரச்சினை கம்மி. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றினால் உள்ளே சீல் எல்லாம் காலி.

பணம் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஃபோர்க். மலிவான காயில் ஸ்ப்ரிங் ஃபோர்க் இரண்டரை கிலோவுக்கு மேல் வரும். ஏர் ஃபோர்க் சுமார் 2.2 கிலோ. கார்பனுக்கு அவ்வளவு கொடுத்து மிச்சம் பிடித்த எடையில் பெரும்பகுதியை ஒரு மட்டமான ஃபோர்க் திரும்ப ஏற்றிவிடும். அதைவிட, என் எடை 58 கிலோ; காயில் ஃபோர்க் எனக்கு அசையவே இல்லை. ஏர் ஃபோர்க்கில் பம்ப் வைத்து என் எடைக்கு ஏற்ற காற்று வைக்கலாம். டயருக்கும் தாராளமாகச் செலவு பண்ணுங்க. ஊருக்கு வெளியே மண் ரோட்டில் இறங்கினால் சீமைக்கருவேல முள் காத்துக்கொண்டிருக்கும். ட்யூப்லெஸ் போட்டு உள்ளே சீலன்ட் ஊற்றினால் சின்ன ஓட்டை தானே அடைபடும், ஆனா நம்ம வெயிலுக்கு அது சீக்கிரம் காயும், அப்பப்போ திறந்து பார்க்கணும். பஞ்சர் கடை பம்ப் இந்த மெல்லிய வால்வுக்குச் சேராது. இருபது முப்பது ரூபாய் அடாப்டர் ஒன்று பையிலேயே இருக்கட்டும்.

ஹேண்டில்பார், ஸ்டெம், சீட் போஸ்ட் மூன்றும் அலுமினியமே போதும். ஸ்டெம் போல்ட்டுக்கு 5 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருப்பார்கள். 10 செ.மீ. நீள ஆலன் கீ நுனியில் ஐந்து கிலோ அரிசிப் பை தொங்கினால் எவ்வளவோ அவ்வளவுதான். தெருமுனை மெக்கானிக் அண்ணா பாசத்தோடு ஒரு கடைசித் திருகு கொடுப்பாரே, அது 20 தாண்டும். மலிவு கார்பன் பார் அதில் நசுங்கும், வெளியே தெரியாது, ஒரு நாள் பள்ளத்தில் இறங்கும்போது கையோடு வரும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கார்பனைத் தொடாதீங்க. நம்ம ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறதே என்று போகாதீங்க, அது கார் நட்டுக்கானது, 5 நியூட்டன் மீட்டர் அதற்குத் தெரியாது.

ஆனா அலுமினிய சீட் போஸ்ட் கார்பன் ஃப்ரேமுக்குள் இறங்கும் இடத்தில் ஒரு கெமிஸ்ட்ரி பாடம் இருக்கிறது. முதல் வருஷத்தில் கால்வானிக் அரிப்பு படித்தோமே, பரீட்சை முடிந்ததும் மறந்தோமே, அதுதான். கடல் நீரில் கார்பனுக்கும் அலுமினியத்துக்கும் கிட்டத்தட்ட 1 வோல்ட் வித்தியாசம். பெசன்ட் நகரிலோ சாந்தோமிலோ தினம் ஓட்டுகிற சைக்கிளுக்கு உப்புக் காற்றும் நம்ம வியர்வையும் எலெக்ட்ரோலைட். அதாவது சீட்டுக்கு அடியில் ஒரு பேட்டரி. அரிக்கப்படுவது அலுமினியம்தான், ஆனா அதன் ஆக்சைடு உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். உள்ளே வீங்கி, போஸ்ட் ஃப்ரேமோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் இழுத்தால் கிழிவது கார்பன். எனக்கு ஃப்ரேம் விற்ற அண்ணாவின் போஸ்ட்டில் வெள்ளைப் பொடி ஏற்கெனவே பூத்திருந்தது, நல்லவேளை சுற்றிச் சுற்றி வந்துவிட்டது. கார்பன் பேஸ்ட் என்று மண் மாதிரி நறநறவென ஒன்று விற்பார்கள். அதைத் தடவினால் இரண்டுக்கும் நடுவில் ஒரு தடுப்பு, குறைந்த இறுக்கத்திலேயே பிடிப்பும் கிடைக்கும். இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை போஸ்ட்டை உருவி, துடைத்து, திரும்பத் தடவுகிறேன். எங்க பாட்டி நான் சாமி சிலைக்கு எண்ணெய்க் காப்பு பண்ணுவதாகச் சொல்கிறார்.

இன்னொன்று, டிரெய்லர் ஹேங்கர். பின் கியரைத் தாங்கும் சின்ன அலுமினியத் துண்டு. விழுந்தால் ஃப்ரேமுக்குப் பதில் அது வளையட்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒவ்வொரு வடிவம், இங்கே கடையில் கிடைக்காது. ஃப்ரேம் வாங்கும்போதே இரண்டு சேர்த்து வாங்குங்க.

மொத்தம் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே முடிந்தது, கட்டிலுக்கடியில் இருப்பதைக் கணக்கில் சேர்க்காமல். எடை 12 கிலோவும் சில்லறையும். போன ஞாயிறு விடியற்காலை எலியட்ஸ் பீச் வழியாக உடைந்த பாலம் வரைக்கும் போய் வந்தேன். மணலில் கொஞ்ச தூரம் ஓடியது, அப்புறம் நானே தூக்கிக்கொண்டு நடந்தேன், தூக்கும்போது கார்பன் நல்லாத்தான் இருந்தது.

135 மி.மீ. பின் இடைவெளி, டிஸ்க் பிரேக், 29 இன்ச், பழைய ஆக்ஸில் வகை ஃப்ரேம் வைத்திருக்கும் ஜூனியர் யாராவது இருந்தால் சொல்லுங்க. அளந்துவிட்டு வாங்க. விலை பேசிக்கலாம்.