மொத்த மார்க்கு ஒன்று, கட் ஆஃப் வேறு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது. ஓர் ஊரில் பெண் ஒருத்தி 600-க்கு 500 மார்க்கு வாங்கினாள். பக்கத்து வீட்டுப் பையன் 480. இருவரும் ஒரே அரசுப் பள்ளி. ஒரே இட ஒதுக்கீட்டுப் பிரிவு. இருவரும் பொறியியல் படிக்க விண்ணப்பம் போட்டார்கள். கேட்ட கல்லூரியில் பையனுக்கு இடம் கிடைத்தது. பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

"என் மகள்தானே கூட வாங்கினாள்? அவர்கள் பணம் கொடுத்துவிட்டார்களா?" என்று தாய் கேட்டார்.

பணம் இல்லை. கணக்குத்தான் வேறு.

தமிழ்நாட்டில் பொறியியலுக்கு மொத்த மார்க்கைப் பார்ப்பதில்லை. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றையும்தான் பார்க்கிறார்கள். கணித மார்க்கு முழுதாகச் சேரும். மற்ற இரண்டிலும் பாதிதான் சேரும். மொத்தம் 200. இதற்குப் பெயர் கட் ஆஃப்.

பெண் கணிதத்தில் 70, இயற்பியலில் 76, வேதியியலில் 74. இப்போது கூட்டிப் பாருங்கள். 70, 38, 37. ஆக 145.

பையன் கணிதத்தில் 96. மற்ற இரண்டிலும் 92. 96, 46, 46. ஆக 188.

பெண் தமிழில் 96 வாங்கியிருந்தாள். அது இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

முன்பு பொறியியலுக்கு நுழைவுத் தேர்வும் இருந்தது. 2007 முதல் அது இல்லை. ஊர்ப்புறப் பிள்ளைகளுக்கு அது நல்லதாயிற்று.

டாக்டர் படிப்புக்கு வேறு வழி. பன்னிரண்டாம் வகுப்பில் உரிய பாடங்களில் தேறியிருக்க வேண்டும். ஆனால் இடம் தருவது 'நீட்' தேர்வு மார்க்குதான். தமிழ்நாட்டில் 2017 முதல் இப்படித்தான். பயிற்சிக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுக்கு இது பெரிய பாரம். அதனால் 2020-இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 100-க்கு ஏழரை இடம் தனியாக ஒதுக்கினார்கள்.

டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் 2021 வரை பெரும்பாலும் பள்ளி மார்க்குதான். அந்த ஆண்டு சில கல்லூரிகளில் சில படிப்புகளுக்கு 100-க்கு 100 கேட்டார்கள்! 2022 முதல் அங்கும் பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. அதைத் தமிழிலும் எழுதலாம்.

ஆகவே பத்தாம் வகுப்பு முடிந்ததும், பதினொன்றில் பாடப் பிரிவு எடுக்கும் முன்பே, ஆசிரியரிடம் கேளுங்கள். எந்தப் படிப்புக்கு எந்தப் பாடத்தின் மார்க்கு வேண்டும்?

அந்தப் பெண்ணுக்கு வருவோம். அரசு கலைக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் சேரத் தமிழ்ப் பாட மார்க்கைத்தான் பார்ப்பார்கள். அங்கே 96 நல்ல மார்க்கு. ஆனால் அதற்குத் தனி விண்ணப்பம் உண்டு. கடைசித் தேதிக்குள் போட வேண்டும்.