தூரம் சொல்லும் குட்டிக் கருவி

1925-ல் லைப்சிக் வசந்தகாலச் சந்தைக்கு லைக்கா வந்தபோது, ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்த அந்தக் கைக்கடக்கமான கேமராவில் ஒரு சங்கடம் இருந்தது. லென்ஸின் மேல் மீட்டர் கணக்கு பொறித்திருக்கும். ஆனால் எதிரே நிற்பவர் எத்தனை மீட்டரில் நிற்கிறார் என்பதைப் படமெடுப்பவர்தான் ஊகிக்க வேண்டும். வியூஃபைண்டரில் எல்லாமே தெளிவாகத் தெரியும். ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் முகம் மங்கி, பின்சுவர் பளிச்சென்று விழுந்திருப்பது புரியும்.

இதற்கு லைக்காவைத் தயாரித்த லைட்ஸ் நிறுவனம் தந்த தீர்வு, கேமராவின் மேல்தட்டில் செருகிக்கொள்ளும், தூரம் அளக்கும் தனி ரேஞ்ச்ஃபைண்டர். 'ஃபோடிஸ்' என்ற அந்தக் குழல் நெட்டுக்குத்தாக நிற்கும். 1932-ல் வந்த லைக்கா 2, ரேஞ்ச்ஃபைண்டரை லென்ஸோடு இணைத்து உடலுக்குள்ளேயே வைத்துக்கொண்டது. (கோடாக் தன் 3ஏ கேமரா ஒன்றில் 1916-லேயே இதைச் செய்துவிட்டது.) ஆனாலும் விலை மலிந்த கேமராக்களுக்கு அந்த வசதி எட்டவில்லை. ஃபோக்ட்லாண்டர் வீட்டோ பி, சோவியத் ஸ்மெனா 8எம் போன்றவற்றின் சொந்தக்காரர்கள் ஊகத்தை நம்பினார்கள். இல்லையென்றால் ஜெர்மானிய வாட்டாமீட்டர், சோவியத் ப்ளிக் மாதிரி ஒன்றைத் தனியாக வாங்கிச் செருகினார்கள்.

கருவிக்குள் பேட்டரி கிடையாது. முன்பக்கம் சில சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு சிறு ஜன்னல்கள். ஒன்றின் பின்னால் பாதி ஒளியை மட்டும் பிரதிபலிக்கும் கண்ணாடி; மற்றதன் பின்னால் திரும்பக்கூடிய கண்ணாடி. கண்ணை வைத்தால் ஒரே ஆள் இரண்டாகத் தெரிவார். சக்கரத்தைத் திருகி இரண்டு உருவங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தினால், சக்கரத்தில் நிற்கும் எண்தான் தூரம். எல்லாம் முக்கோணக் கணக்கு.

ஜன்னல்களுக்கு நடுவே 5 சென்டிமீட்டர் என்று கொள்வோம். பொருள் 1 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு நகர்ந்தால் இரு பார்வைக் கோடுகளுக்கு இடையிலான கோணம் சுமார் 1.4 பாகை மாறும். 10 மீட்டரிலிருந்து 20-க்குப் போனால் மாற்றம் அதில் பத்தில் ஒரு பங்குதான். தொலைவு கூடக் கூடக் கருவி தடுமாறுவது இதனால்தான். ஜன்னல்கள் விலகினால் கோணம் பெரிதாகும்; ஜப்பானின் யமாட்டோ போர்க்கப்பலில் 15 மீட்டர் நீள ரேஞ்ச்ஃபைண்டர்களை ஏற்றியதற்கும் இதுவே காரணம்.

புகைப்படக்காரருக்கு அந்தக் கவலை வேண்டாம். 50 மி.மீ. லென்ஸை எஃப்/3.5-ல் திறந்து 10 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால், சுமார் 7 முதல் 17 மீட்டர் வரை தெளிவு கிடைக்கும். 1 மீட்டரில் அது வெறும் 8 சென்டிமீட்டர். கண் ஊகம் ஏமாற்றும் அந்தக் கிட்டத்தில்தான் இந்தக் குட்டிக் கருவி மிகத் துல்லியமாக அளக்கிறது. நல்ல வெயிலில் எஃப்/8 வைத்து 3 மீட்டரில் ஒருவரை எடுக்க இது தேவையே இல்லை. மாலை வெளிச்சத்தில் நெருங்கி முகம் எடுக்கத்தான் வேண்டும்.

படுத்திருக்கும் கருவிக்குக் கதவு விளிம்பு போன்ற செங்குத்துக் கோடு பிடிக்கும். நிமிர்ந்து நிற்கும் ஃபோடிஸுக்குப் படுக்கைக் கோடு. சக்கரத்தில் படித்த எண்ணை லென்ஸில் மாற்றி வைக்க மறந்தால் உழைப்பு வீண். ஒன்று அடியிலும் மற்றது மீட்டரிலும் இருந்தால் இன்னும் குழப்பம்: 10 அடி என்பது ஏறக்குறைய 3 மீட்டர்.

பழையதை வாங்குபவர்கள் முதலில் இரண்டாவது உருவம் போதிய வெளிச்சத்தோடு தெரிகிறதா என்று பாருங்கள். கண்ணாடிப் பூச்சு மங்கியிருந்தால் வாங்காதீர்கள். பிறகு தொலைதூரக் கோபுரம் ஒன்றை நோக்குங்கள்; முடிவிலிக் குறியில் உருவங்கள் ஒன்றாக வேண்டும். அதன்பின் டேப் பிடித்து 1 மீட்டரையும் 2 மீட்டரையும் சரிபாருங்கள்.