கீழ் எண் நல்லது என்றால் போதுமா?

வாப்பா அஸருக்குப் பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு மதிலோரம் நிற்பார். "கொஞ்சம் நில்லு மகன், கெண்டைக்கால் கடுக்குது" என்பார். இரண்டு நிமிடத்தில் கடுப்பு போய்விடும். மீண்டும் நடப்பார். வயசு போனால் இப்படித்தான் என்று நாங்களும் இருந்துவிட்டோம். கிளினிக் கொப்பியில் அவரது பிரஷர் 168/72 என்று இருந்தது. "கீழ் எண் நல்லாத்தானே இருக்கு" என்று அவர் குளிசையையும் ஒழுங்காகப் போடவில்லை. பிறகு கால்விரலில் ஒரு சிறு புண் வந்து, மாதக்கணக்கில் ஆறாமல், ஈற்றில் அந்த விரலையே எடுக்க வேண்டி வந்தது. நோயின் பெயர் புறநாடி நோய். கால்களுக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாடிகளில் கொழுப்புப் படிந்து வழி ஒடுங்குவது. இதைப்பற்றி நான் தேடி வாசித்தது அதற்குப் பிறகுதான்.

இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது உள்ள அமுக்கம் மேல் எண். தளரும்போது உள்ளது கீழ் எண். இளம் வயதில் பெருநாடி றப்பரைப் போல விரிந்து மீளும். வயதோடு அது விறைத்துப் போகிறது. விரிந்து கொடுக்காததால் மேல் எண் ஏறுகிறது. மீளும் விசை குறைவதால் கீழ் எண் இறங்குகிறது. ஆகவே ஐம்பதைக் கடந்தவருக்குக் கீழ் எண் குறைவாக இருப்பது எப்போதும் நற்செய்தியல்ல. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை நாடித்துடிப்பு அமுக்கம் என்பர். வாப்பாவுக்கு அது 96. சாதாரணமாக 40 அளவில் இருக்கும்.

கால் நாடிகளைப் பொறுத்தவரை மேல் எண்ணும் இந்த வித்தியாசமுமே அதிகம் பேசுகின்றன. 2015இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று 42 இலட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்தது. மேல் எண் 20 மி.மீ. இரசம் கூடும்போது புறநாடி நோய்க்கான ஆபத்து 63 வீதத்தால் கூடுவதை அது கண்டது. புகைத்தலும் சீனி வருத்தமும் சேர்ந்தால் இன்னும் மோசம். வாப்பா நாற்பது வயதுவரை சிகரட் குடித்தவர்.

இந்த நோயைக் கண்டுபிடிப்பதற்கும் பிரஷர் அளப்பதே வழி. ஆனால் காலிலும் அளக்க வேண்டும். நோயாளியைப் படுக்க வைத்து, கணுக்காலுக்கு மேலே பட்டியைச் சுற்றி, டொப்ளர் கருவியால் மேல் எண்ணை எடுப்பார்கள். அதைக் கையின் மேல் எண்ணால் வகுப்பார்கள். 1.00 முதல் 1.40 வரை இயல்பு. 0.90 அல்லது அதற்குக் குறைந்தால் நோய். வாப்பாவின் கையில் 168, கணுக்காலில் 109, விடை 0.65. சில நிமிட வேலை. சீனி வருத்தம் நீண்டகாலம் உள்ளவர்களுக்கு நாடி சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுவதால் எண் பொய்யாகக் கூடிக் காட்டலாம். அவர்களுக்கு விரலில் அளப்பார்கள்.

இன்னொன்று. பிரஷரை முதன்முறை பார்க்கும்போது இரு கைகளிலும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண்ணில் 15 அல்லது அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால், உடலில் வேறெங்கோ நாடி ஒடுங்கியிருக்கலாம் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

கால் நாடி ஒடுங்கியவருக்கு இதய நாடியும் மூளை நாடியும் ஒடுங்கியிருக்க இடமுண்டு. எனவே இது காலோடு முடிகிற கதையல்ல; மாரடைப்பும் பாரிசவாதமும் பின்னால் நிற்கின்றன.

வுழூச் செய்யும்போது ஒரு நாளைக்குப் பல தடவை காலைக் கழுவுகிறோம். அப்போதே விரலிடுக்கில் புண் உண்டா, ஒரு கால் மற்றதைவிடக் குளிர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். உட்புறக் கணுக்காலின் பின்னே விரலை வைத்தால் துடிப்புத் தெரிய வேண்டும். நடந்தால் கடுத்து, நின்றால் சுகமாகும் வலியை வாதம் என்று தைலம் பூசிக்கொண்டிருக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.

வாப்பா இப்போது குளிசையைத் தவறவிடுவதில்லை. டொக்டர் சொன்னபடி கடுக்கும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கிறார். அந்த மதிலைத் தாண்டித்தான் இப்போது நிற்கிறார், அல்ஹம்துலில்லாஹ். போன விரல் மட்டும் போனதுதான்.