கையில ஒண்ணுமே இல்ல... ஆனாலும் 'ஆல்-இன்'! போக்கர் தொடரில் அதிரடி கை கொடுக்குமா, காலை வாருமா?

2003-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் உலக போக்கர் தொடரின் மெயின் ஈவென்ட். 839 பேர் ஆளுக்கு 10,000 டாலர் நுழைவுக் கட்டணத்தில் இறங்கிய ஆட்டத்தில் மிச்சம் இருந்தது இரண்டே பேர். ஒருவர் சாம் ஃபர்ஹா, தொழில்முறை ஆட்டக்காரர். இன்னொருவர் கிறிஸ் மணிமேக்கர், கணக்காளர் வேலை பார்த்தவர். 86 டாலர் ஆன்லைன் தகுதிப் போட்டியில் ஜெயித்து உள்ளே வந்தவர்.

ஒரு கட்டத்தில் ஃபர்ஹாவிடம் 9 ஜோடி சேர்ந்துவிட்டது. மணிமேக்கர் எதிர்பார்த்த சீட்டு எதுவுமே விழவில்லை. கையில் இருந்தது வெறும் ராஜாவும் 7-ம்தான். ஆனாலும் தன்னிடம் இருந்த மொத்த சிப்பையும் நடுவில் தள்ளிவிட்டார். ரொம்ப நேரம் யோசித்த ஃபர்ஹா, சீட்டைப் போட்டுவிட்டு விலகினார். ஜெயித்துக்கொண்டிருந்த சீட்டு அது! சிறிது நேரத்தில் சாம்பியன் பட்டமும் 25 லட்சம் டாலரும் மணிமேக்கருக்குப் போனது.

இந்த ஒரு ஆட்டத்தை டிவியில் பார்த்துவிட்டு, 'போக்கர்னா அடிச்சு ஆடணும்' என்று முடிவு கட்டியவர்கள் ஏராளம். உண்மையிலேயே அதிரடி ஆட்டம் அவ்வளவு பலன் தருமா? எங்கே கை கொடுக்கும், எங்கே காலை வாரும்? பார்க்கலாம்.

முதல்ல, அதிரடி ஆட்டம்னா என்ன?

டெக்சஸ் ஹோல்டெம் வகை போக்கரில் ஒவ்வொருவருக்கும் 2 சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக 5 சீட்டு. இதில் சிறந்த 5 சீட்டு யாரிடமோ அவருக்கே நடுவில் குவிந்திருக்கும் சிப், அதாவது 'பாட்'.

இடையில் நான்கு சுற்று பந்தயம் நடக்கும். அடுத்தவர் கட்டியதற்குச் சமமாகக் கட்டி கூடவே போவது 'கால்'. தானே முதலில் கட்டுவது 'பெட்'. அடுத்தவர் கட்டியதைவிட ஏற்றுவது 'ரெய்ஸ்'. அடிக்கடி பெட், ரெய்ஸ் என்று போய், 'கால்' பண்ணுவதைக் குறைத்துக்கொள்வதுதான் அதிரடி ஆட்டம். ஒவ்வொரு கையிலும் கண்ணை மூடிக்கொண்டு ஆல்-இன் போவது இல்லை. இந்த வித்தியாசம் முக்கியம்.

ஏன் பலரும் அதிரடியை நம்புறாங்க?

காரணம் 1: ஜெயிக்க இரண்டு வழி

'கால்' மட்டும் பண்ணுபவர் ஜெயிக்க ஒரே வழி, கடைசியில் நல்ல சீட்டைக் காட்டுவது. பந்தயம் கட்டுபவருக்கு இன்னொரு வழியும் உண்டு. எதிராளி பயந்து சீட்டைப் போட்டுவிட்டால் போதும், சீட்டைத் திறந்து காட்ட வேண்டிய அவசியமே இல்லை. மணிமேக்கர் ஜெயித்தது இந்த இரண்டாவது வழியில்தான்.

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பாட்டில் 10,000 சிப் இருக்கிறது, நீங்கள் 5,000 கட்டி பிளஃப் பண்ணுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று முறையில் இரண்டு முறை மாட்டிக்கொண்டால் 10,000 நட்டம். ஒரே ஒரு முறை எதிராளி விலகினால் 10,000 வரவு. மூன்றில் ஒரு முறை பலித்தாலே கையைக் கடிக்காது. அதுவே பாட் அளவுக்கு 10,000 கட்டினால், இரண்டில் ஒரு முறை பலிக்க வேண்டும்.

காரணம் 2: சும்மா உட்கார்ந்தாலும் சிப் கரையும்

தொடர் ஆட்டத்தில் சீட்டு போடுவதற்கு முன்பே சிலர் கட்டாயமாக சிப் வைக்க வேண்டும். இதுதான் 'பிளைண்ட்', 'ஆன்டி'. நேரம் போகப் போக இந்தத் தொகை ஏறிக்கொண்டே இருக்கும்.

உதாரணமாக, ஒரு முழுச் சுற்றுக்கு உங்களிடமிருந்து 2,500 சிப் போகிறது. கையில் இருப்பது 10,000. நல்ல சீட்டு வரட்டும் என்று பொறுமையாக உட்கார்ந்தால் நான்கே சுற்றில் கதை முடிந்தது. வீட்டு வாடகை மாதாமாதம் ஏறுகிற மாதிரி இது. பூட்டியே வைத்திருந்தாலும் வாடகை நிற்காது.

காரணம் 3: பெரிய குவியல் தரும் பயம்

எதிரில் பெரிய சிப் குவியலோடு ஒருவர் உட்கார்ந்தால், அவரோடு மோதும் ஒவ்வொரு முறையும் நீங்கள் வெளியேறும் ஆபத்து இருக்கிறது. அவருக்கு அது இல்லை. 2006-ல் 8,773 பேர் ஆடிய மெயின் ஈவென்ட்டில் ஜேமி கோல்டு இப்படித்தான் ஆடினார். பெரிய குவியலை வைத்துக்கொண்டு, பேசிப் பேசியே எதிராளிகளைக் குழப்பி, 1.2 கோடி டாலர் பரிசை அள்ளினார்.

சிப் குவியலின் பலத்துக்கு இன்னொரு உதாரணம் ஸ்டூ உங்கர். 1980, 1981, 1997 என்று மூன்று முறை மெயின் ஈவென்ட் வென்ற அதிரடி மன்னன். 1990-ல் போட்டியின் மூன்றாம் நாள் தன் ஓட்டல் அறையில் மயங்கிக் கிடந்ததால் அவரால் ஆட வர முடியவில்லை. முதல் இரண்டு நாளில் சேர்த்து வைத்த சிப், பிளைண்டாக மட்டுமே கரைந்துகொண்டிருந்தது. அப்படியும் அவருக்கு 9-வது இடம் கிடைத்தது!

அப்போ ஆபத்து எங்கே?

ஆபத்து 1: ஒரு முறை தோத்தா போதும், வெளியே

சாதாரண பண ஆட்டத்தில் தோற்றவர் மறுபடி சிப் வாங்கி உட்காரலாம். மெயின் ஈவென்ட் மாதிரியான தொடரில் அது முடியாது. மொத்த சிப்பும் போனால் எழுந்து போக வேண்டியதுதான்.

இப்போது ஒரு கணக்கு. ஒவ்வொரு ஆல்-இன்னிலும் உங்களுக்கு 80 சதவீத வெற்றி வாய்ப்பு, எதிராளியிடம் உங்களைவிட அதிக சிப் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை என்றால் பிரமாதமான வாய்ப்பு. ஐந்து முறை தொடர்ந்து இப்படிப் போனால்? ஐந்திலும் தப்பிக்கும் வாய்ப்பு சுமார் 33 சதவீதம்தான். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால் நான்கே ஆல்-இன்னில் அது 6 சதவீதமாகச் சுருங்கிவிடும்.

ஆபத்து 2: சிப் வேற, பணம் வேற

அதிரடிப் பிரியர்கள் அடிக்கடி மறக்கும் விஷயம் இது. மூன்று பேர் மிச்சம். பரிசு 50,000, 30,000, 20,000. மூவரிடமும் சம அளவு சிப். இந்த நிலையில் ஒவ்வொருவரின் இடத்துக்கும் சராசரி மதிப்பு 33,333.

இரண்டு பேர் ஆல்-இன் மோதுகிறார்கள். தோற்றவர் 20,000-த்தோடு வெளியேறுவார். அவருக்கு 13,333 இறக்கம். ஜெயித்தவரிடம் சிப் இரண்டு மடங்கு ஆகிவிடும். ஆனால் அவர் இடத்தின் மதிப்பு 43,333-தான். 10,000 மட்டுமே ஏற்றம்! வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மூன்றாவது ஆளின் மதிப்பு, ஒரு சீட்டைக்கூடத் தொடாமல் 36,667 ஆகிவிடும்.

அதாவது இங்கே பாதிக்குப் பாதி வாய்ப்பு போதாது. சுமார் 57 சதவீத வெற்றி வாய்ப்பு இருந்தால்தான் அந்த மோதல் நட்டமில்லாமல் முடியும். ரெண்டு பேர் அடிச்சுக்க, மூணாவது ஆளுக்கு லாபம்.

இந்தக் கணக்கை அப்படியே திருப்பினால் அதிரடிக்கான நல்ல நேரமும் தெரியும். எல்லோரும் மோதப் பயப்படும் கட்டத்தில், முதலில் சிப்பைத் தள்ளுபவருக்குத்தான் வசதி. எதிராளி விலகிவிடவே வாய்ப்பு அதிகம். அந்த ஆல்-இன்னை 'கால்' பண்ணுபவருக்கு அந்த வசதி இல்லை. சீட்டைக் காட்டித்தான் ஜெயிக்க வேண்டும். மெயின் ஈவென்ட்டில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்குத்தான் பரிசு. அந்தக் கோட்டைத் தொடுவதற்கு முந்தைய கட்டம் 'பபுள்'. சிறிய குவியல் வைத்திருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் பெரிய குவியல்காரர்கள் புகுந்து விளையாடுவார்கள்.

ஆபத்து 3: எல்லோரும் பயப்பட மாட்டாங்க

பிளஃப் பலிக்க, எதிராளிக்கு விலகத் தெரிந்திருக்க வேண்டும். எந்த ஜோடி வந்தாலும் 'கால்' பண்ணும் புதியவரிடம் மணிமேக்கர் பாணி எடுபடாது. ஃபர்ஹா நிதானித்து யோசிக்கும் ஆட்டக்காரர் என்பதால்தான் அந்த பிளஃப் வேலை செய்தது.

அதேபோல, நீங்கள் தொடர்ந்து ஏற்றிக்கொண்டே போனால் மேஜையில் இருப்பவர்கள் கவனிப்பார்கள். நல்ல சீட்டை வைத்துக்கொண்டே ஒன்றும் இல்லாத மாதிரி 'கால்' பண்ணி, உங்கள் சிப்பை நீங்களே கொண்டுவந்து கொட்டும்வரை காத்திருப்பார்கள். அதிரடி ஆட்டக்காரருக்கு விரிக்கப்படும் பழைய வலை இது.

பொறுமைக்கும் ஒரு கதை இருக்கு

1982 மெயின் ஈவென்ட்டில் ஜாக் ஸ்ட்ராஸ் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் இழந்தார். மிஞ்சியது ஒரே ஒரு 500 டாலர் சிப். அங்கிருந்து மேலே வந்து பட்டத்தையே வென்றார். ஒரு சிப்பும் ஒரு நாற்காலியும் இருந்தால் போதும் என்று போக்கர் உலகில் இன்றும் சொல்வது இவரால்தான். உயிரோடு இருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதுதான் இதில் இருக்கும் பாடம்.

எப்போ அடிக்கலாம், எப்போ அடங்கலாம்?

அடிக்கலாம்:
• கையில் இருக்கும் சிப் சில சுற்றுக்கு மட்டுமே தாங்கும் என்ற நிலையில்
• எதிராளிகள் பரிசுக் கோட்டைத் தொடப் பயந்து ஆடும்போது
• கடைசியாக முடிவெடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்து, முன்னால் இருப்பவர்கள் விலகிவிட்டால்
• பிளஃப் பலிக்காவிட்டாலும், இன்னும் வர இருக்கும் சீட்டால் ஜெயிக்க வாய்ப்பு இருந்தால்

அடங்கலாம்:
• எதிராளி எதற்கும் விலகாதவராக இருந்தால்
• உங்களைவிடச் சிறிய குவியல்கள் பல இருந்து, அவர்கள் முதலில் வெளியேற வாய்ப்பு இருந்தால்
• முந்தைய கையில் தோற்ற கோபம் இன்னும் அடங்கவில்லை என்றால்

டிவி காட்டாத பக்கம்

மணிமேக்கரின் பிளஃப் 20 வருஷம் தாண்டியும் யூடியூபில் ஓடுகிறது. அதே 2003-ல் பிளஃப் பண்ணி மாட்டி, வெறுங்கையோடு வெளியேறியவர்களின் ஆட்டத்தை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. 839 பேரில் 838 பேர் அந்த மேஜையில் தோற்றவர்கள்தான். மணிமேக்கரும் சரி, ஜேமி கோல்டும் சரி, அதற்குப் பிறகு மெயின் ஈவென்ட்டை இன்னொரு முறை வென்றதில்லை. ஜெயித்த பிளஃப் 'துணிச்சல்' என்று பெயர் எடுக்கும். தோற்ற பிளஃப் 'முட்டாள்தனம்' ஆகிவிடும். பல நேரம் இரண்டும் ஒரே முடிவுதான், விழுந்த சீட்டு மட்டும்தான் வேறு.

நம்ம ஊர் வாசகர்கள் கவனிக்க இன்னொன்றும் உண்டு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை, திறமையா அதிர்ஷ்டமா என்று பிரித்துப் பார்க்காமல் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பணம் வைத்து ஆடும் போக்கரும் அதில் அடக்கம். ஆகவே, செல்போனில் 'ஈஸியா ஜெயிக்கலாம்' என்று லிங்க் வந்தால் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

மொத்தத்தில், எப்போது, யாரிடம், எவ்வளவு கட்டுகிறோம் என்ற கணக்கு தெரிந்தவர் கையில்தான் அதிரடி ஒரு ஆயுதம். கணக்கு இல்லாமல் வெறும் வேகத்தில் ஆடுபவர், தன் சிப்பைத் தானே அடுத்தவருக்கு எடுத்துக் கொடுக்கிறார். அவ்வளவுதான்.