வேலையாட்களைக் கவனிக்க வந்தவர் மிருகக்காட்சி சாலைக்கே தலைவர் ஆனார்!

ஞாயிற்றுக்கிழமை வந்தால் மிருகக்காட்சி சாலையில் கூட்டம் அலைமோதும். புலி கொட்டாவி விட்டால் குழந்தைகள் கை தட்டுவார்கள். குரங்கு குட்டிக்கரணம் போட்டால் தாய்மார்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

ஆனால், கூண்டுக்குப் பின்னால் வாளியும் துடைப்பமுமாக ஒருவர் நிற்கிறாரே, அவரை யாரும் பார்ப்பது இல்லை.

அவர்தான் விலங்குக் காவலர். அவர் இல்லாவிட்டால் புலியும் இல்லை, குரங்கும் இல்லை!

பணம் இருந்தால் கூண்டு கட்டிவிடலாம். விலங்கையும் கொண்டுவந்து விடலாம். அதை உயிரோடும் நலத்தோடும் வைத்திருக்கத் தெரிந்த ஆள்தான் எளிதில் கிடைக்கமாட்டார். அப்படிப்பட்ட ஆளை உண்டாக்க வேண்டும். இதை 130 ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியவர் ஒரு வங்காளி. அவர் பெயர் ராமபிரம்ம சன்யால்.

பாதியில் நின்ற படிப்பு

சன்யால் டாக்டர் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்தார். ஆனால் அவருக்குக் கண் நோய் வந்தது. படிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அந்தக் கல்லூரியில் தாவர இயல் ஆசிரியராக இருந்தவர் ஜார்ஜ் கிங் என்ற வெள்ளைக்காரர். மாணவரின் நிலையைக் கண்டு அவர் இரக்கப்பட்டார்.

அப்போது கல்கத்தாவில் அலிப்பூர் என்ற இடத்தில் மிருகக்காட்சி சாலை உருவாகிக்கொண்டு இருந்தது. 1876-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி அதை இங்கிலாந்து இளவரசர் திறந்து வைத்தார். (அவரே பிற்காலத்தில் 7-ம் எட்வர்டு மன்னர் ஆனார்.)

அங்கே வேலையாட்களைக் கவனிக்கும் ஒரு தற்காலிக உத்தியோகம் இருந்தது. ஜார்ஜ் கிங் அதைச் சன்யாலுக்கு வாங்கிக் கொடுத்தார்.

வேலை என்னவோ சின்ன வேலைதான். ஆனால் சன்யால் அதைச் சின்னதாக நினைக்கவில்லை. ஆட்களை மட்டும் கவனிக்காமல், விலங்குகளையும் கவனிக்கத் தொடங்கினார். படிப்படியாக உயர்ந்தார். கடைசியில் அந்தக் காட்சி சாலையின் கண்காணிப்பாளராகவே ஆகிவிட்டார். வெள்ளைக்காரர் ஆட்சியில் ஓர் இந்தியருக்கு இது பெரிய பதவி!

கண்ணால் கண்டதை ஏட்டில் எழுதினார்

எந்த விலங்கு எதைத் தின்றது? எதைத் தொடாமல் விட்டது? எதற்கு நோய் வந்தது? என்ன கொடுத்ததும் குணம் ஆனது? இவற்றை எல்லாம் சன்யால் நாள்தோறும் ஏட்டில் எழுதி வைத்தார்.

கண் நோயால் டாக்டர் படிப்பை விட்டவர், கண்ணால் பார்த்துப் பார்த்தே விலங்குகளின் நிபுணர் ஆனார்!

அதன் பலன் 1889-ம் ஆண்டில் கிடைத்தது. அந்த ஆண்டு ஜனவரி மாதம், அலிப்பூரில் ஒரு சுமத்ரா காண்டாமிருகம் குட்டி போட்டது. காண்டாமிருகங்களிலேயே மிகச் சிறியது இந்த இனம்தான். உடம்பில் ரோமம் இருக்கும். மூக்கில் இரண்டு கொம்பு உண்டு. கூண்டில் வைத்து இதைக் குட்டி போடச் செய்வது மிக மிகக் கடினம்.

தான் கற்றதைச் சன்யால் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. 1892-ம் ஆண்டில் ஒரு பெரிய கையேடாக வெளியிட்டார். 200-க்கு மேற்பட்ட விலங்கு வகைகளும், 400-க்கு மேற்பட்ட பறவை வகைகளும் அதில் இடம்பெற்றன. என்ன தீனி, எப்படிப்பட்ட கூடு, நோய்க்கு என்ன சிகிச்சை என்று விவரமாக எழுதினார். வேலையாட்களைக் கவனிக்க வந்த ஆள் கற்ற அனுபவம், உலகத்துக்கே பாடம் ஆனது!

லண்டன் விலங்கியல் சங்கம் அவரைத் தன் உறுப்பினர்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டது. "ராய் பகதூர்" பட்டமும் கிடைத்தது. 1908-ல் அவர் காலமானார்.

112 ஆண்டு காத்திருப்பு

இனிமேல்தான் விசேஷம் இருக்கிறது.

அலிப்பூரில் அந்தக் குட்டி பிறந்த பிறகு, உலகத்தில் எந்த மிருகக்காட்சி சாலையிலும் சுமத்ரா காண்டாமிருகம் கருத்தரித்துக் குட்டி போடவில்லை. ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு அல்ல. 112 ஆண்டுகள்!

இதற்கு இடையில் காடுகள் அழிந்தன. கொம்புக்காக வேட்டையாடினார்கள். இனமே அற்றுப்போகும் நிலை வந்துவிட்டது. அதைக் காப்பாற்றுவதற்காக 1980-களிலும் 1990-களின் தொடக்கத்திலும் 7 காண்டாமிருகங்களை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே பணத்துக்குக் குறைவு இல்லை. டாக்டர்களுக்கும் குறைவு இல்லை. ஆனாலும் அவை ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. மிஞ்சியவை மூன்றுதான்.

சின்சின்னாட்டி நகர மிருகக்காட்சி சாலையில் இருந்த ஆண் காண்டாமிருகமும் சாகும் நிலைக்கு வந்துவிட்டது. எழுந்து நிற்கவே முடியவில்லை.

அப்போது வழி சொன்னவர் யார் தெரியுமா? பெரிய விஞ்ஞானி அல்ல. அதற்குத் தீனி போட்டுவந்த காவலர்!

"உலர்ந்த புல் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. இது காட்டில் இலை தழைகளைத் தின்று வளர்ந்த பிராணி" என்பது அவர் கருத்து. உடனே தொலைவில் உள்ள சான்டியாகோ நகரில் இருந்து அத்தி இனத்து மரங்களின் இலைகளை வரவழைத்தார்கள். காண்டாமிருகம் தின்றது. சில நாட்களில் எழுந்து நடந்தது!

அதன் ஜோடியான பெண் காண்டாமிருகத்துக்கு 5 முறை கரு கலைந்தது. 6-வது முறை, கருவைக் காக்கும் ஹார்மோன் மருந்தை டாக்டர்கள் கொடுத்தார்கள். 2001-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி ஆண் குட்டி பிறந்தது. "அண்டலாஸ்" என்று பெயர் வைத்தார்கள்.

அண்டலாஸ் வளர்ந்ததும் 2007-ல் அதைச் சுமத்ராவுக்கே அனுப்பினார்கள். 2012-ல் அதுவும் ஒரு குட்டிக்குத் தகப்பன் ஆயிற்று. இன்று உலகில் இந்த இனம் 50-க்கும் குறைவாகவே இருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். ஒவ்வொரு குட்டியும் ஒரு புதையல்!

டாக்டரின் மருந்து வேண்டும். ஆனால், அந்த மருந்துக்கு வேலை வரும்வரை தகப்பன் காண்டாமிருகத்தைப் பிழைக்க வைத்தது, காவலரின் கண்தான்.

காலையில் என்ன வேலை?

கூட்டம் வருவதற்கு வெகுநேரம் முன்பே காவலரின் வேலை தொடங்கிவிடுகிறது.

முதலில் பூட்டுகளைப் பார்க்க வேண்டும். அடுத்து, விலங்குகளை எண்ண வேண்டும். நேற்றுப் போட்ட தீனியில் மீதி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சாணத்தையும் கவனிக்க வேண்டும். ஏன் என்றால், காட்டு விலங்கு தன் நோயைக் காட்டிக்கொள்ளாது. வெளிப்படையாகத் தெரியும்போது காலம் கடந்துவிடும்.

புலிக் கூண்டைச் சுத்தம் செய்யும் முறை தனி. புலியை ஓர் அறையில் விட்டு, கதவை இறக்கிப் பூட்டிய பிறகுதான் அடுத்த அறைக்குள் மனிதன் நுழையலாம். பூட்டினோமா என்ற சந்தேகம் இருந்தால் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். 20 ஆண்டு பழகிய காவலர் ஆனாலும், ஒரு நாள் மறதி போதும். உயிர் போய்விடும்.

இந்த வேலைக்கும் படிப்பு உண்டு

இந்தியாவில் 1992-ம் ஆண்டில் மத்திய மிருகக்காட்சி சாலை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் அனுமதி இல்லாமல் யாரும் மிருகக்காட்சி சாலை நடத்த முடியாது. விலங்கு டாக்டர், உயிரியல் நிபுணர், பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் கல்வி அதிகாரி என்று பெரிய காட்சி சாலைகளில் தனித்தனி ஆட்கள் வேண்டும். வாரத்தில் ஒரு நாள் பொதுமக்களுக்கு விடுமுறை. காவலர்களுக்கும் பயிற்சி முகாம்கள் நடக்கின்றன.

ஆனாலும், முகாமில் எல்லாம் வந்துவிடாது. "இந்தச் சிறுத்தை காது மடங்கினால் கிட்டே போகாதே" என்று பழைய காவலர்தான் சொல்லித்தர வேண்டும். அவர் ஓய்வு பெறுவதற்கு முன்பே, பக்கத்தில் ஓர் இளைஞர் நின்று கற்க வேண்டும். காலி இடத்தை நிரப்பாமல் விட்டாலும், இன்று ஒருவர் நாளை ஒருவர் என்று தினக்கூலிக்கு ஆள் வைத்தாலும், அந்த அறிவு அவரோடு போய்விடும்.

போனால் திரும்ப வர எவ்வளவு காலம் ஆகும்? காண்டாமிருகத்தைக் கேட்டால், 112 ஆண்டு என்று சொல்லும்!

அடுத்த முறை குழந்தைகளோடு மிருகக்காட்சி சாலைக்குப் போனால், புலியைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். வாளியோடு நிற்பவரிடம், "ஐயா, இது இன்று சாப்பிட்டதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அவருக்குத் தெரியும். அவர் முகம் மலர்ந்து சொல்வார்.