மூச்சில் பங்கு கேட்காத தீ

பிரிட்டனில் கேரவன் என்றால் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடு. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் ஏழெட்டு மீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிடும். ஜனவரி மாதத்தில், புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் முகாமில், அப்படியொரு வண்டிக்குள் ஒரு குடும்பம் இன்று மெல்லிய சட்டையோடு உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிடுகிறது. அறுபது ஆண்டுகளுக்கு முன் அதே மாதத்தில் கேரவனில் படுத்தவர்கள் கோட்டைக் கழற்றியிருக்க மாட்டார்கள். இந்த மாற்றத்தைப் பலரும் வசதிக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். உயிர் காத்த கணக்கில்தான் இதை முதலில் எழுத வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பிரிட்டனில் ரோமானி என்னும் நாடோடி மக்களுக்குக் குதிரை இழுக்கும் மரவண்டிகளே வீடாயின. உள்ளே ஒரு சிறிய வார்ப்பிரும்பு அடுப்பு. அதன் புகைக்குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகும். சாலையின் இடப்பக்கம் செல்லும் வண்டியில் அந்தக் குழாயை வலப்பக்கமாக வைத்தார்கள், வேலியோர மரக்கிளைகள் அதை முறித்துவிடக் கூடாது என்பதற்காக. விறகோ நிலக்கரியோ எரிந்த அந்த அடுப்புதான் சமைக்கவும் குளிர்காயவும். நெருங்கி உட்கார்ந்தால் முகம் காயும், முதுகு விறைக்கும். நெருப்பு அணைந்த பிறகு பலகைச் சுவர் சூட்டை நெடுநேரம் பிடித்து வைக்காது. குளிர் முற்றும் மாதங்களில் பலர் ஊர் ஊராகப் போவதை நிறுத்திவிட்டு, லண்டனின் பேட்டர்சீ போன்ற இடங்களில் வண்டிகளை நிறுத்தித் தங்கினார்கள்.

கேரவனை விடுமுறைக்கு உரியதாக்கியவர் கார்டன் ஸ்டேபிள்ஸ். கடற்படை மருத்துவராக இருந்து எழுத்தாளரானவர். பிரிஸ்டல் நகரில் தனக்கென்று கட்டுவித்த ‘வாண்டரர்’ வண்டியில், 1885ஆம் ஆண்டு கோடையில், இங்கிலாந்தின் ட்வைஃபோர்டிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் வரை குதிரை பூட்டிப் போனார். 1907இல் கேரவன் கிளப் தொடங்கியது. 1919இல் பர்மிங்காமின் எக்கிள்ஸ் நிறுவனம் கார் இழுக்கும் கேரவன்களைச் செய்யத் தொடங்கியது. குதிரை போய்க் கார் வந்தாலும் பருவம் மாறவில்லை. வசந்தத்தில் திறக்கும் முகாம்களில் பெரும்பாலானவை இலையுதிர் காலத்தோடு மூடிவிடும்.

கேரவனுக்குள் பனிக்காலம் எப்படியிருக்கும் என்பதை முழுதாக அறிந்தவர்கள் வீடில்லாதவர்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய வீட்டுத் தட்டுப்பாட்டில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஆண்டு முழுவதும் கேரவனிலேயே குடியிருந்தன. அவர்களுடைய நிலையைப் பற்றி ஆர்ட்டன் வில்சன் என்பவர் 1959இல் அரசுக்கு அறிக்கை தந்தார். மறு ஆண்டே கேரவன் முகாம்களுக்கான சட்டம் வந்தது. ஆனால் சட்டம் சுவரைத் தடிமனாக்கவில்லை. வெளியே அலுமினியத் தகடு, உள்ளே மெல்லிய பலகை, நடுவில் மரச்சட்டம், ஒற்றைக் கண்ணாடி சன்னல். இந்தக் கூட்டுக்குள் இருந்துதான் 1962–63 பனிக்காலத்தை அவர்கள் கடந்தார்கள். கிறிஸ்துமஸ் மறுநாள் விழத் தொடங்கிய பனி மார்ச் வரை பல இடங்களில் கரையவில்லை. அந்த ஜனவரியில் மத்திய இங்கிலாந்தின் சராசரி வெப்பநிலை மைனஸ் 2.1 டிகிரி.

மண்ணெண்ணெய் ஹீட்டரும் கேஸ் அடுப்பும்தான் பலருக்குத் துணை. அவை சூடு தந்தன. கூடவே ஈரத்தையும் தந்தன. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகிறது. மண்ணெண்ணெயும் ஏறக்குறைய அப்படித்தான். புகைக்குழாய் இல்லாத ஹீட்டரில் அந்த நீர் முழுவதும் அறைக்குள்ளேயே தங்கி, மனிதர் விடும் மூச்சின் ஈரத்தோடு சேர்ந்து, குளிர்ந்த சன்னலிலும் சுவரிலும் வடியும். விடியும்போது கண்ணாடியின் உட்புறம் பனிக்கட்டி படிந்திருக்கும். மெத்தைக்கு அடியில் பூஞ்சணம் பூக்கும். ஈரம் போகச் சன்னலைத் திறந்தால் சூடு போய்விடும். சூட்டைக் காக்க எல்லாவற்றையும் அடைத்தால், தீயும் மனிதரும் ஒரே காற்றுக்குப் போட்டியிட வேண்டும். அந்தப் போட்டியில் காற்று குறையக் குறைய எரிபொருள் அரைகுறையாக எரியும். கார்பன் மோனாக்சைடு பிறக்கும்.

கேஸிலேயே இன்னொரு சிக்கலும் இருந்தது. பியூட்டேன், சுழியம் டிகிரிக்குச் சற்றுக் கீழே போனாலே ஆவியாக மறுக்கும். சிலிண்டரில் கேஸ் நிறைய இருக்கும், காலையில் டீ போட அடுப்பு பற்றாது. மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும் புரொப்பேன்தான் பனிக்காலத்துக்குச் சரி. பியூட்டேன் அடைத்த நீலச் சிலிண்டரைக் கோடைக்கும் புரொப்பேன் அடைத்த சிவப்புச் சிலிண்டரைக் குளிருக்கும் என்று பிரிட்டன் கேரவன்காரர்கள் இன்றும் பிரித்துச் சொல்கிறார்கள்.

பெரிய திருப்பம் ஜெர்மனியிலிருந்து வந்தது. பிலிப் கிரைஸ் 1949இல் தொடங்கிய ட்ரூமா நிறுவனம் முதலில் கேஸ் விளக்குகள் செய்தது. 1961இல் கேரவனுக்கென்றே ஒப்புதல் பெற்ற கேஸ் ஹீட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவ்வகை ஹீட்டரில் தீ ஒரு மூடிய உலோக அறைக்குள் எரிகிறது. எரியத் தேவையான காற்றைக் குழாய் வழியே வெளியிலிருந்து இழுத்துக்கொள்கிறது. புகையையும் நீராவியையும் இன்னொரு குழாய் வழியே வெளியே தள்ளிவிடுகிறது. அறைக்குள் வருவது அந்த உலோகத்தைத் தொட்டுச் சூடான காற்று மட்டுமே. தீ எரிவது வண்டிக்குள், அது மூச்சுவிடுவது வண்டிக்கு வெளியே. கேரவன் வரலாற்றில் இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு இல்லை என்பேன்.

பிறகு சுவர்கள் மாறின. தகடுகளுக்கு நடுவே நுரைப்பலகையை வைத்து ஒரே துண்டாக ஒட்டினார்கள். ஒற்றைக் கண்ணாடி போய் இரட்டை அக்ரிலிக் சன்னல் வந்தது. கேரவன்களுக்கான ஐரோப்பியத் தர விதி இன்று குளிர்காப்பை மூன்று தரமாகப் பிரிக்கிறது. மூன்றாம் தரம் வாங்க வேண்டுமானால், மைனஸ் 15 டிகிரி குளிர்அறையில் விறைத்துக் கிடந்த வண்டி நான்கு மணி நேரத்துக்குள் உள்ளே 20 டிகிரியை எட்ட வேண்டும்; குழாயில் தண்ணீரும் வர வேண்டும். ஸ்வீடனின் ஆல்டே நிறுவனத்தின் முறையில், உறையாமலிருக்கக் கிளைக்கால் என்னும் வேதித்திரவம் கலந்த நீரைச் சூடாக்கிச் சுவரோரக் குழாய்களில் ஓடவிடுகிறார்கள். மூலை முடுக்கெல்லாம் ஒரே அளவாக வெதுவெதுக்கும். முகம் காய்ந்து முதுகு விறைக்கும் பேச்சே இல்லை. முகாமில் 16 ஆம்பியர் மின்இணைப்பு கிடைத்தால் கேஸைத் தொடாமலே இரவைக் கழிக்கலாம். மின்சாரம் இல்லையென்றால் செலவு தெரியும்: மூன்று கிலோவாட் ஹீட்டரை நிறுத்தாமல் ஓட்டினால் ஆறு கிலோ சிலிண்டர் ஏறத்தாழ 25 மணி நேரத்தில் காலி.

மாறாத வேலைகளும் இருக்கின்றன. வெளியே வைத்த தண்ணீர் உருளைக்கு உறை மாட்ட வேண்டும். கழிவுநீர்க் குழாய் உறையாமல் வாளிக்குச் சரிவாக இறங்க வேண்டும். கை பிரேக் இறுகி உறைந்துவிடும் என்பதால், சமதளத்தில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு அதைத் தளர்த்தி வைக்கிறார்கள். கூரையில் விழும் பனி புகைக்குழாயை மூடாமல் அவ்வப்போது தள்ளிவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், தரையிலும் கூரையிலும் விட்டிருக்கும் காற்றுத் துளைகள். குளிர்க்காற்று நுழைகிறதென்று துணியை வைத்துத் தரைத் துளையை அடைக்கிறவர்கள் இன்றும் உண்டு. கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே இறங்கி அந்தத் துளை வழியாகத்தான் வெளியேற முடியும். சமையல் அடுப்பு இன்னமும் நம் காற்றில்தான் எரிகிறது; அதற்கும் அந்தத் துளைகள்தான் வழி. அவற்றை அடைப்பவர் அறுபது ஆண்டுப் பாதுகாப்பை ஒரு கந்தல் துணியால் அழிக்கிறார்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கொடைக்கானல் விடுதிகளில் குளிருக்காக அறைக்குள் கரி மூட்டித் தூங்கியவர்கள் விழிக்காமலே போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம். பிரிட்டனிலும் கறி சுட்ட பார்பிக்யூ அடுப்பைச் சூட்டுக்காகக் கூடாரத்துக்குள் இழுத்து வைத்தவர்களுக்கு அதே முடிவு நேர்ந்திருக்கிறது. கரி வெளியே தணிந்ததுபோல் தெரிந்தாலும் நச்சு வந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே கேரவனோ மலைவிடுதியோ, எரிகிற எதையும் சூட்டுக்காகப் படுக்கும் இடத்துக்குள் கொண்டுவராதீர்கள். கேரவனில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை மாட்டுங்கள், ஹீட்டரை ஆண்டுக்கு ஒருமுறை அந்த வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். குளிர் தாங்கவில்லையென்றால் இன்னொரு கம்பளி போர்த்தலாம். தீயோடு மூச்சைப் பங்குபோட்டுக்கொண்ட காலத்துக்கு மட்டும் யாரும் திரும்பிப் போகக் கூடாது.